பிசின் இன்னும் காயவில்லை

என் மகனுடைய துப்பாக்கிக் கட்டையை ஆறு வாரம் கையில் வைத்துக்கொண்டு வேலை செய்தேன். உண்மையில் அது நான்கைந்து நாள் வேலை. மீதி நாள்கள் அத்தனையும் பொய். முப்பத்தாறு வருஷம் பொறியியல் கல்லூரியில் பொருள்களின் வலிமையைப் பற்றிப் பாடம் நடத்தியவன், எழுபத்து நான்காம் வயதில் கராஜில் உட்கார்ந்து, நன்றாக இறுகிப்போன பிசினை உளி வைத்துப் பெயர்த்தெடுத்துவிட்டு, "இன்னும் காயலைடா" என்று சொன்னேன். இதை யாரிடமாவது சொல்லியாக வேண்டும். சொல்லக்கூடியவர்களிடமெல்லாம் ஏற்கெனவே பொய் சொல்லியிருப்பதால் எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது டெக்சஸில், ரவுண்ட் ராக்கில். மனைவி இறந்த பிறகு மகன் என்னைத் திருச்சியிலிருந்து இங்கே அழைத்துக்கொண்டான். அவன், மருமகள், ஒன்பது வயதுப் பேத்தி, நான் என்று நான்கு பேர் இருந்த வீடு. மருமகளுக்கு நியூ ஜெர்சியில் நல்ல வேலை கிடைத்தது. பேத்தியைக் கூட்டிக்கொண்டு அவள் முன்னால் போவது, மகன் தன் கம்பெனியில் கேட்டு அந்தப் பக்கம் மாற்றிக்கொண்டதும் வீட்டை விற்றுவிட்டு நாங்கள் இருவரும் பின்னால் போவது என்று ஏற்பாடு. அவள் போய் மூன்று மாதத்தில் மகனுக்கு வேலை போயிற்று.

அது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. சாப்பாட்டு மேஜையில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். அவன் மாடியிலிருந்து இறங்கி வந்தான். ஆபீஸ் லேப்டாப் உள்ளே விடமாட்டேன் என்கிறது, சொந்த மெயிலுக்குக் கடிதம் வந்திருக்கிறது, இன்றோடு முடிந்தது என்றான். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"எத்தனை பேரைத் தூக்கினாங்க?" என்று கேட்டேன்.

"மொத்தமா எவ்ளோன்னு தெரியலப்பா. எங்க டீம்ல நாலு பேர்."

"டீம்ல மொத்தம்?"

"பதினாறு."

"அப்போ பன்னெண்டு பேர் இருக்காங்க. அந்தப் பன்னெண்டுல நீ ஏன் இல்ல?"

"தெரியலப்பா" என்றான். ஃப்ரிஜ்ஜைத் திறந்தான். எதையும் எடுக்காமல் மூடிவிட்டு மாடிக்குப் போனான்.

இந்தக் கேள்வியை நான் கோபத்தில் கேட்கவில்லை. கோபத்தில் கேட்டிருந்தால் பிறகு மன்னிப்புக் கேட்டிருப்பேன். ஆய்வுக்கூடத்தில் ஒரு கம்பி முறிந்தால், ஏன் இந்த இடத்தில் முறிந்தது, ஏன் அந்த இடத்தில் முறியவில்லை என்று மாணவர்களைக் கேட்டுக் கேட்டுப் பழகிய வாய். அதே குரலில் மகனையும் கேட்டேன். காபியையும் முழுவதும் குடித்து முடித்தேன்.

அடுத்து அதை மறைக்க ஆரம்பித்தேன். என்னை யாரும் மறைக்கச் சொல்லவில்லை. கோவிலில் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு வரிசையில் தெரிந்த பெண் ஒருத்தி, "என்ன அங்கிள், உங்க பையனை ஆளையே காணோம்?" என்றாள். "வொர்க் ஃப்ரம் ஹோம்மா, எந்நேரமும் மீட்டிங்" என்றேன். அவள் கணவன் ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கும் இடத்தில் இருப்பவன். உண்மையைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே ரெஸ்யூமே கேட்டிருப்பார்கள். திருச்சியிலிருந்து தங்கை போனில் விசாரித்தபோது ஒரு படி மேலே போனேன். அவனுக்குப் பிரமோஷன் ஆகியிருக்கிறது, அதனால்தான் யாரோடும் பேச நேரமில்லை என்றேன். அப்போது மாடிப்படியில் அவன் நின்றுகொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

முதல் சில மாதங்கள் வேலைக்கு எழுதிப் போட்டுக்கொண்டே இருந்தான். பிறகு அது குறைந்தது. பகல் பதினோரு மணிக்கு எழுந்தான். சவரம் செய்வதை விட்டான். நான் வைத்த குழம்பைத் தட்டில் போட்டுக்கொண்டு மேலே போவான். பாதி தட்டு திரும்பி வரும். சனிக்கிழமை மட்டும் வேறு ஆள். காலை எட்டு மணிக்குக் குளித்து, சவரம் செய்து, நீளப் பையைக் காரில் வைத்துக்கொண்டு துப்பாக்கி சுடும் மைதானத்துக்குப் போய்விட்டு மதியம் வருவான்.

வேலையில் இருந்த காலத்தில் ஆபீஸ் சிநேகிதர்களோடு சேர்ந்து வாங்கிய துப்பாக்கி அது. காகிதத்தில் வட்டம் போட்டுச் சுடுவதற்கு. வீட்டுக்குள் துப்பாக்கி வந்ததே எனக்குப் பிடிக்கவில்லை. அவன் அறை அலமாரியில் எண் பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டியில் இருந்தது. அந்த எண் எனக்குத் தெரியாது. சனிக்கிழமை அவன் சவரம் செய்துகொள்வதைப் பார்த்தேன், ஆனால் அதை யோசிக்கவில்லை. நீளப் பையை மட்டும்தான் யோசித்தேன்.

அக்டோபரில் ஒரு நாள் மதியம் மருமகள் என் போனுக்குக் கூப்பிட்டாள். வழக்கமாக அவனுக்குத்தான் கூப்பிடுவாள்.

"மாமா, அவர் பக்கத்துல இருக்காரா?"

"இல்லம்மா, மாடில."

"மாமா, அவர் எல்லா பாஸ்வேர்டையும் எழுதி மெயில் பண்ணியிருக்கார். பேங்க், கரண்ட் பில், எல்லாம். இன்ஷூரன்ஸ் பேப்பர் எங்க இருக்குன்னு கூட. நான் எதுவும் கேக்கவே இல்ல மாமா."

எனக்குப் புரிந்தது. புரியாத மாதிரி, "ஒழுங்கா எடுத்து வைக்கறான் போலிருக்கு" என்றேன்.

"மாமா, அந்தத் துப்பாக்கி வீட்லதானே இருக்கு?" அவள் குரல் உடைந்தது. "நான் இந்த வீக்கெண்ட் வந்துடறேன்."

"நீ எதுக்கும்மா அலையணும். குழந்தைக்கு ஸ்கூல் இருக்கு, உனக்குப் புது வேலை. நான் இருக்கேன்ல? நான் பாத்துக்கறேன்."

"அப்போ நீங்க அவர்கிட்ட நேரா கேளுங்க மாமா. சுத்தி வளைக்காம கேளுங்க. எங்கிட்ட 'ஐ ஆம் ஃபைன்'னு சொல்லிட்டு போனை வெச்சிடறார். நீங்க கேட்டா சொல்லுவார்."

"கேக்கறேன்மா" என்றேன்.

கேட்கவில்லை. அன்று சாயங்காலம் மாடிப்படி ஏறி அவன் கதவு வரை போனேன். "சாப்பிட வர்றியா?" என்று கேட்டேன். அதோடு கீழே இறங்கிவிட்டேன். பிள்ளையிடம் 'சாகணும் என்று நினைக்கிறாயா' என்று கேட்டால், இல்லாத எண்ணத்தையும் நானே உண்டாக்கிவிடுவேனோ என்று பயந்தேன். அது தப்பான பயம் என்று பிறகு மருத்துவர் சொன்னார். அதை அவர் சொல்லித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

அந்தச் சனிக்கிழமை மைதானத்திலிருந்து வந்தவன் சாப்பாட்டு மேஜையில் பையைக் கிடத்திவிட்டு, தானாகவே பேசினான். "இந்த பிளாஸ்டிக் ஸ்டாக் வேஸ்ட்பா. உள்ள ஒண்ணுமே கிடையாது. முன்னாடி லேசா அழுத்தினாக்கூட வளைஞ்சு பேரலைத் தொட்டுடுது. ஒரு குண்டு இங்க, ஒரு குண்டு அங்க."

"காட்டு" என்றேன்.

இரண்டு திருகாணிகளைக் கழற்றி, குழலோடு சேர்ந்த இரும்பை மேலே தூக்கி எடுத்து, ஸ்டாக் என்கிற அடிக்கட்டையை என் கையில் கொடுத்தான். கட்டை என்பது பேச்சுக்குத்தான். அச்சில் வார்த்த பிளாஸ்டிக். முன்பகுதிக்குள் முட்டை அட்டை மாதிரி குறுக்குத் தடுப்புகள், நடுவில் வெற்றிடம். தோளில் பதியும் பின்பகுதியில் ரப்பரைக் கழற்றினால் காலி டப்பா. விரலால் தட்டினேன், டொக்கென்றது. இரண்டு கையாலும் முறுக்கினேன், கண்ணுக்குத் தெரியும்படி முறுகியது.

"இதை ஃபெயில் பண்றதுக்கு எக்ஸாமே வேண்டாம்டா" என்றேன்.

அவன் சிரித்தான். எத்தனை மாதத்துக்குப் பிறகு என்று தெரியவில்லை. "அப்போ பாஸ் பண்ண வைங்க, சார்."

அரைமணி நேரம் இருவரும் பேசினோம். உள்ளே எதை நிரப்பலாம், எடை எங்கே கூடினால் துப்பாக்கி கையில் ஆடாமல் நிற்கும், முன்பக்கம் எவ்வளவு, பின்பக்கம் எவ்வளவு. காகிதத்தில் படம் போட்டேன். அவன் நல்ல கேள்விகளாகக் கேட்டான். அந்த அரைமணியில் நான் பயத்தை மறந்தே போனேன். அப்போது கேட்டிருக்கலாம். மேஜைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பான் என்றே இப்போது நினைக்கிறேன்.

அதற்குப் பதிலாக எனக்கு ஒரு யுக்தி தோன்றியது. "நானே செஞ்சு தர்றேன். ஆனா கட்டை மட்டும் பத்தாது. இரும்புப் பாகம், அந்த போல்ட், திருகாணி எல்லாம் குடு. மொத்த எடையை வெச்சுத்தான் கணக்குப் போடணும்" என்றேன். போல்ட் என்பது குண்டைக் குழலுக்குள் தள்ளிப் பூட்டும் இரும்புத் தண்டு. அது இல்லாவிட்டால் துப்பாக்கி வெறும் குழாய். அவன் சந்தேகமே படாமல் எல்லாவற்றையும் கொடுத்தான்.

மறுநாள் அவன் தூங்கிக்கொண்டிருந்தபோது போல்ட்டையும் திருகாணிகளையும் ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரில் போட்டு, சமையலறையில் இருந்த இருபது பவுண்டு அரிசி மூட்டையின் அடியில் புதைத்தேன். சமையல் என் பொறுப்பு. அந்த மூட்டைக்குள் என் கையைத் தவிர வேறு கை போவதில்லை.

வேலையை ஒழுங்காகத்தான் ஆரம்பித்தேன். உப்புத்தாளால் உட்புறத்தைத் தேய்த்து வழவழப்பை எடுத்தேன். அந்த ரக பிளாஸ்டிக்கில் பிசின் சரியாக ஒட்டாது. அதனால் தடுப்புகளில் சிறு துளைகள் போட்டேன். பிசின் ஒரு அறையிலிருந்து அடுத்த அறைக்கு ஓடி, இறுகியதும் தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும். நீளவாட்டில் வைப்பதற்கு அலுமினிய அம்புகள் இரண்டை வேட்டைச் சாமான் கடையில் வாங்கி, முனையை அறுத்துவிட்டுத் தண்டை மட்டும் எடுத்துக்கொண்டேன். வளையாமல் நிறுத்துவது அந்தத் தண்டுகள்தான். பின்பகுதிக்குத் தூண்டிலில் கட்டும் ஈயக் குண்டுகளைப் பிசினில் கலந்து வைத்தேன். இரண்டு குப்பிகளிலிருந்தும் சம அளவு எடுத்துக் கலக்குகிற எபாக்ஸி பிசின் அது. ஒரேயடியாக ஊற்றினால் தன் சூட்டிலேயே கொதித்துப் பிளாஸ்டிக்கை வளைத்துவிடும். கால் அங்குலமாக ஊற்றி, ஒரு படலம் இறுகிய பிறகு அடுத்தது. ஒரு படலத்துக்கு ஒரு நாள்.

இந்த ஒரு நாளை நான் மூன்று நாள் என்றேன். பிறகு ஐந்து நாள் என்றேன். கராஜ் குளிராக இருக்கிறது என்றேன். டெக்சஸில் அந்த வருஷம் அக்டோபர் முடிகிற வரைக்கும் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

பிசின் கலக்கக் குச்சி தேடியபோது, குப்பைக்குப் போக இருந்த அட்டைப் பெட்டியில் அவனுடைய விசிட்டிங் கார்டு கட்டு ஒன்று கிடைத்தது. கம்பெனி பெயர், அவன் பெயர், பதவி. கனமான அட்டை, பிசினை வழித்து எடுக்கத் தோதாக இருந்தது. பத்துப் பன்னிரண்டை உபயோகித்துவிட்டேன். ஒரு நாள் கராஜுக்கு வந்தவன் பிசின் ஒட்டிக் காய்ந்து கிடந்த அட்டைகளைக் கையில் எடுத்துப் பார்த்தான்.

"பரவால்லயே" என்றான். "இப்பவாவது ஏதோ யூஸ் ஆகறேன்."

நான் அட்டையைப் பிடுங்கிக் குப்பையில் போட்டேன். "உள்ள போ, இந்த வாடை தலைவலி குடுக்கும்" என்றேன்.

சனிக்கிழமைகள் வந்தன. அவனுக்குப் போக இடமில்லை. முதல் சனிக்கிழமை எட்டு மணிக்கு எழுந்து குளித்துவிட்டு, என்ன செய்வது என்று தெரியாமல் கராஜ் வாசலில் நின்றான். "இன்னிக்கு ஆகுமாப்பா?" "இன்னும் காயலைடா." இரண்டாவது சனிக்கிழமை ஒன்பதரைக்கு எழுந்தான். நான்காவது சனிக்கிழமை எழுந்திருக்கவே இல்லை. அதற்குப் பிறகு அவனுக்கு எல்லாக் கிழமையும் ஒன்றாகிவிட்டது. துப்பாக்கியை நான் எடுத்து வைத்ததிலிருந்து அவன் மோசமாகிக்கொண்டிருந்தான். அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டும், துப்பாக்கியை எடுத்து வைத்ததால்தான் இந்த அளவிலாவது இருக்கிறான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பகலில் மூன்று தடவை மாடி ஏறி, கதவுக்கு வெளியே நின்று மூச்சுச் சத்தம் கேட்கிறதா என்று கவனிப்பேன். குளியலறையில் தண்ணீர் ஓடுவது நின்றால் எண்ண ஆரம்பிப்பேன். ஒன்று, இரண்டு, மூன்று. அவன் கதவைத் திறக்கும் வரை எண்ணுவேன்.

மருமகள் மறுபடி கூப்பிட்டாள். "கேட்டீங்களா மாமா?"

"கேட்டேன்மா."

"என்ன சொன்னார்?"

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லைன்னான். நல்லா இருக்கான். துப்பாக்கியும் என்கிட்டதான் இருக்கு, பிரிச்சு வெச்சிருக்கேன்."

அந்தப் பக்கம் அவள் அழுதுகொண்டே, "தேங்க்ஸ் மாமா" என்றாள். அவள் நன்றி சொன்னதைக் காதில் வாங்கிக்கொண்டு போனை வைத்தேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் இதைவிடக் கேவலமானது இல்லை.

ஐந்தாவது வாரம் சாக்கு எதுவும் மிச்சமில்லை. கட்டை முடிந்திருந்தது. இரும்பை வைத்துப் பார்த்தேன். குழலுக்கும் கட்டைக்கும் நடுவில் ஒரு காகிதத்தை நுழைத்தால் நுனியிலிருந்து அடிவரை தடையில்லாமல் ஓடியது. முறுக்கினேன், அசையவில்லை. தட்டினால் மரத்தைத் தட்டுகிற சத்தம். என் கை இன்னும் நன்றாக வேலை செய்கிறது என்று ஒரு நிமிஷம் பெருமையாகக்கூட இருந்தது. பிறகு உளியையும் சுத்தியையும் எடுத்து, முன்பகுதியின் மேல் படலத்தைக் கொத்தினேன். நல்ல பிசின் லேசில் வராது. ஒரு மணி நேரம் கொத்தினேன். கல்லூரிப் பட்டறையில் ஒரு மாணவன் வேண்டுமென்றே ஒரு நல்ல சாமானைக் கெடுத்திருந்தால் அவனை வெளியே அனுப்பியிருப்பேன். இரண்டாவது தடவை அடிக்கும்போது கண்ணில் நீர் வந்து எதுவும் தெரியவில்லை, அப்படியும் அடித்தேன்.

சத்தம் கேட்டு அவன் வரவில்லை. இரவு சாப்பாட்டின்போது நானாகவே, "சூடு தாங்காம ஒரு லேயர் பாழாப் போச்சு. திரும்ப ஊத்தணும்" என்றேன்.

"அவசரமில்லப்பா" என்றான். "எனக்கு இனிமே அது தேவைப்படாது."

என்ன அர்த்தத்தில் சொன்னான் என்று நான் கேட்கவில்லை. தட்டைக் கழுவப் போய்விட்டேன்.

அடுத்த வாரம் எனக்கு ஜுரம் கண்டது. வியாழக்கிழமை பகல் பதினோரு மணி இருக்கும். அவன் என் அறைக்கு வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். "கொதிக்குது. படுங்க, கஞ்சி வெச்சுத் தர்றேன்" என்றான். மாதக்கணக்கில் அவன் அடுப்புப் பக்கம் போனதில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் அரிசி மூட்டை நினைவுக்கு வரவில்லை. மூட்டையில் அரிசி அடிமட்டத்துக்கு இறங்கியிருந்ததும் நினைவில்லை. அளக்கிற டம்ளர் உள்ளே இரும்பில் இடித்த சத்தம் கேட்ட பிறகுதான் நினைத்தேன்.

சுவரைப் பிடித்துக்கொண்டு போனேன். அவன் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தான். மடியில் அந்த பிளாஸ்டிக் கவர். சுற்றிலும் அரிசி சிந்திக் கிடந்தது.

"அப்பா, இது ஏன் இதுல இருக்கு?"

"ஈரம் படக் கூடாதுன்னு வெச்சேன். அரிசி ஈரத்தை இழுக்கும்ல" என்றேன். அந்த ஜுரத்திலும் அடுத்த பொய் தயாராக வந்தது.

"ஃபோன் தண்ணில விழுந்தா அரிசில போடுவாங்கப்பா. இது எந்தத் தண்ணில விழுந்துச்சு?"

கவரை வாங்கக் கையை நீட்டினேன். அவன் தரவில்லை.

"ஸ்டாக் காஞ்சிருச்சா?"

"காஞ்சிருச்சு."

"எப்போ?"

"முதல் வாரமே. அப்புறம் நானே பேர்த்தெடுத்துட்டுத் திரும்ப ஊத்தினேன்."

"நல்லா செட் ஆனதைப் பேர்த்தீங்களா? நீங்களா?" அவனுக்குக் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகமாக இருந்தது. பிறகு முகம் மாறியது. கவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது.

நானும் அரிசியின் மேல் உட்கார்ந்தேன். அவனுக்கு எதிரே, முட்டியோடு முட்டி இடிக்க. வேறு வழியில்லாமல் போனதால் கேட்டேன், தைரியம் வந்து கேட்கவில்லை. "செத்துப் போயிடணும்னு நினைக்கிறியாடா?"

"இதைக் கேக்க ஆறு வாரமாப்பா?" என்றான்.

"சொல்லு."

"தினம் இல்ல. நிறைய நாள்."

"எப்பலேர்ந்து?"

"அந்த செவ்வாய்க்கிழமைலேர்ந்து. பன்னெண்டு பேர்ல நீ ஏன் இல்லைன்னு கேட்டீங்கள்ல? காலைல எழுந்தா அதான் வருது. நான் ஏன் இல்ல, நான் ஏன் இல்லன்னு. எனக்கு ஒரு பதில்கூடக் கிடைக்கலப்பா." அவன் அரிசியை விரலால் கூட்டிக்கொண்டே பேசினான். "அத்தைகிட்ட எனக்குப் பிரமோஷன் குடுத்தீங்க. அப்படியே ஒரு கேபினும் குடுத்திருக்கலாம்."

"துப்பாக்கி சுடப் போற இடத்துல..."

"அங்க மட்டும் அது வராதுப்பா. பக்கத்து லேன்ல ஒரு தாத்தா வருவார். பேர்கூடத் தெரியாது. என் பேப்பரைப் பார்த்து 'குட் ஷூட்டிங், சன்'னு சொல்லுவார். வாரம் பூரா என்னை யாராவது நல்லா பண்ணினேன்னு சொன்னது அது ஒண்ணுதான்."

அதைத்தான் நான் எடுத்து அரிசிக்குள் புதைத்திருந்தேன். "நான் எடுத்து வெச்சது தப்பாடா?" என்று கேட்டேன். அவனிடம் போய் ஆறுதல் கேட்கிறேன் என்பது அப்போது உறைக்கவில்லை.

யோசித்துத்தான் பதில் சொன்னான். "இல்ல. சனிக்கிழமைதான் அது எனக்கு வேணும். மத்த ஆறு நாள் வீட்ல இல்லாம இருந்தது நல்லதுக்குத்தான். எடுத்து வெச்சது தப்பில்ல, சொல்லாம எடுத்து வெச்சீங்களே." கவரை என் கையில் வைத்து மூடினான். "இது உங்ககிட்டயே இருக்கட்டும். ஆனா அரிசில வேண்டாம். கஞ்சில கன் ஆயில் வாடை வரும்."

நான் அழுதேன். அவன் அழவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. "அவளுக்கு நீயே போன் பண்ணு. நான் இனிமே நடுவுல நிக்க மாட்டேன்" என்றேன். அங்கேயே, தரையில் உட்கார்ந்தபடியே கூப்பிட்டான். "ஐ ஆம் நாட் ஃபைன்" என்று ஆரம்பித்தான். அதற்குப் பிறகுதான் அழுதான்.

மறுநாள் சாயங்காலம் அவள் வந்து இறங்கினாள். அவனைக் கட்டிக்கொண்டு நின்றவள், என் பக்கம் திரும்பி, "கேட்டேன்னு சொன்னீங்களே மாமா" என்றாள். அவ்வளவுதான். அதற்கு மேல் அவள் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. ஆனால் இப்போதெல்லாம் நான் எதையாவது சொன்னால் அவனிடம் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்கிறாள். அது நியாயம்தான்.

மருத்துவரிடம் போனோம். வாரம் ஒரு நாள் பேசப் போகிறான், மாத்திரை சாப்பிடுகிறான். துப்பாக்கியின் இரும்புப் பாகத்தையும் போல்ட்டையும் அவனுடைய பழைய ஆபீஸ் சிநேகிதர் தன் வீட்டுப் பெட்டியில் வைத்துக்கொண்டிருக்கிறார். மருத்துவர் சரி என்று சொல்லும்வரை அங்கேயே இருக்கும். கட்டை மட்டும் கராஜில், சுவரில் மாட்டியிருக்கிறது. நான் கொத்திய இடத்தில் புதுப் படலம் நிறம் மாறித் தெரிகிறது. கோவில் வரிசையில் அந்தப் பெண்ணிடம் உண்மையைச் சொன்னேன். "ஏன் அங்கிள் முன்னாடியே சொல்லல? எங்க வீட்டுக்காரர் போன வருஷம் எட்டு மாசம் வீட்லதான் இருந்தார்" என்றாள். எட்டு மாதமும் அவளும் என்னிடம் ஏதோ மீட்டிங் என்றுதான் சொல்லியிருந்தாள்.

வேலை இன்னும் கிடைக்கவில்லை. பதினாறில் நாலு பேர் என்றால் நாலு பேர், அதற்குக் காரணம் அவனுக்குள் இல்லை என்று நான் அவனிடம் பல தடவை சொல்லிவிட்டேன். ஒரு தடவை கேட்ட கேள்வியை நூறு தடவை சொல்லும் பதிலால் எடுக்க முடியவில்லை. பிசினைப் பெயர்ப்பது அதைவிடச் சுலபமாக இருந்தது.

மருத்துவர் சொன்னபடி தினமும் நேராகக் கேட்கிறேன். காலையில் அவன் கதவுக்கு வெளியே நின்று, "இன்னிக்கு அந்த எண்ணம் இருக்கா?" என்பேன். முதலில் இருவருக்கும் கூச்சமாக இருந்தது. சில நாள், "கொஞ்சம் இருக்குப்பா" என்பான். அன்றைக்கு உள்ளே போய் உட்கார்ந்துகொள்வேன். இல்லாத நாளில், "தினம் அட்டெண்டன்ஸ் எடுக்கறீங்களா?" என்று கிண்டல் செய்தவன், இப்போது ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறான். "பிரசென்ட், சார்."

நேற்றுக் கேட்டேன். பதில் இல்லை. இன்னொரு தடவை கேட்டேன். கதவைத் தள்ளினேன், உள்ளே தாழ்ப்பாள். ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்து, எண்ணாமல் இரண்டு கையாலும் கதவை அடித்தேன். கதவு திறந்தது. காதில் ஹெட்ஃபோன், மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே லுங்கி. லேப்டாப் திரையில் மூன்று பேர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் அவர்களிடம், "சாரி, மை டாட்" என்றான். என் பக்கம் திரும்பி, மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, "பிரசென்ட், பிரசென்ட்" என்றான்.

கதவை மூடிக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டேன். நாளைக் காலையும் கேட்பேன். கேட்பதற்கும் அவன் பதில் சொல்வதற்கும் நடுவில் இருக்கிற அந்த நேரத்தைத்தான், இன்று வரை, என்னால் தாங்க முடியவில்லை.